நடத்தைத் திட்டத்தைப் பிள்ளையின் கல்வித் திட்டத்துக்குள் எழுதத்தான் வேணுமா?

நிந்தவூர் உம்மா:
மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம். விசேட கல்வி அலகில் படிக்கிறார், சித்திரத்துக்கும் கணிதத்துக்கும் மட்டும் சாதாரண வகுப்புக்குப் போவார். இந்த வருடத் தனியாள் கல்வித் திட்டத்தைப் போன கிழமை காட்டினார்கள். வாசிப்பு, எண், பேச்சு, தானாகச் சாப்பிடுவது எல்லாம் இருக்கிறது. கதிரையைத் தள்ளிவிட்டு ஓடுவது, பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பது பற்றி ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "அது ஒழுக்க விஷயம், வரும்போது பார்த்துக்கொள்வோம்" என்றார்கள். வரும்போது பார்ப்பது என்றால் எனக்கு கோல் வரும், நான் ஓட்டோ பிடித்துப் போய்க் கூட்டிவர வேண்டும். அவ்வளவுதான். நடத்தைத் திட்டத்தையும், அதாவது அவர் ஏன் கடிக்கிறார், ஓடுகிறார், அப்போது என்ன செய்வது என்பதையும் அதற்குள் எழுதுங்கள் என்று கேட்பது பிழையா?

வெண்கட்டி:
பிழை இல்லை. ஆனால் எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நான் மட்டக்களப்பு வலயத்தில் சாதாரண வகுப்பு எடுப்பவன். "கடிப்பார்" என்று கோப்பில் ஏறினால் பிறகு இறங்காது. அடுத்த வருட ஆசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முதல் கோப்பைத்தான் பார்ப்பார். மற்றப் பெற்றோருக்கும் கதை போய்விடும், எங்கட ஊர்களில் எது ரகசியமாக இருந்தது? இன்னொன்று. முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நான் ஒருத்தன். "பதற்றம் கண்டால் வெளியே அழைத்துச் சென்று அமைதிப்படுத்தவும்" என்று எழுதிவிடுவீர்கள். அழைத்துச் செல்வது யார்? மிச்ச முப்பத்தேழு பேரையும் யார் பார்ப்பது? எழுதினபடி நடக்காவிட்டால் விரல் என் பக்கம்தான் நீளும்.

வாவிக்கரை:
சேர், கோப்பில் ஏறாவிட்டால் ஆசிரியர் ஓய்வறையில் தேத்தண்ணியோடு வாயால் ஏறுகிறது. "அவன் அடம்" என்று போகும். ஏன் என்பது அதில் இருக்காது.

நான் அலகு ஆசிரியை. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் எங்கள் பிள்ளை ஒன்று தண்ணீர்ப் போத்தலை எறிந்துவிட்டு கேற்றுக்கு ஓடத் தொடங்கியது. எல்லோரும் அடம் என்றுதான் சொன்னார்கள். ஒரு கொப்பியில் மூன்று பத்தி கீறி எழுதினோம்: அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பிறகு என்ன கிடைத்தது. முதல் பத்தியில் திரும்பத் திரும்ப பேண்ட் பயிற்சி. பெரிய மேளம் தொடங்கினால் போத்தல் பறக்கும். மூன்றாவது பத்தியில் அதிபர் அறை. தண்டனை என்று நினைத்து அங்கே இருத்தினோம். அங்கே ஃபேன் இருக்கிறது, கதவு சாத்தினால் மேளம் கேட்காது. பிள்ளைக்கு அது தண்டனையா?

பிறகு எழுதினது இதுதான். பேண்ட் தொடங்க முதல் பொறுப்பாசிரியர் எங்களுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளை ஒரு சிவப்பு மட்டையைக் காட்டினால் கேள்வி இல்லாமல் நூலகப் பக்கம் போகலாம். மட்டை காட்டப் பழக்குவதுதான் எங்கள் வேலை. தொடக்கத்தில் எறிவது கூடியது. பழைய வழி பலிக்காதபோது அப்படித்தான் கூடும், அந்த நேரத்தில் கைவிட்டால் எல்லாம் போச்சு. இப்போதும் சொல்லாமல் பேண்ட் தொடங்கினால் எறிகிறது. அது பிள்ளையின் பிழை என்று சொல்வீர்களா?

படுவான்கரைத் தம்பி:
மிஸ் சொன்னது நல்ல கதை. எல்லாத் திட்டமும் அப்படி இல்லை. என் தம்பிக்கு இப்போது பத்தொன்பது வயது. சின்னதில் ஒரு இடத்தில் அவனுக்கும் திட்டம் போட்டார்கள். கை உதறாமல் இருந்தால் ஒரு டொபி, ஆளின் கண்ணைப் பார்த்தால் ஒரு டொபி. கை உதறுவதால் யாருக்கு என்ன நட்டம்? சந்தோஷம் வந்தால் உதறுவான், அவ்வளவுதான். அதை நிறுத்தி, "முன்னேற்றம்" என்று எங்கள் அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். இன்றைக்கும் புது ஆள் வீட்டுக்கு வந்தால் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் இருக்கிறான். எழுதினால் நல்லது என்கிறவர்கள், எதை எழுதுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

கடல் தாண்டினவன்:
சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி, இருப்பது நியூ ஜெர்சி. இங்கே மத்திய சட்டத்தில் 1997இலேயே இது வந்துவிட்டது. பிள்ளையின் நடத்தை அவருடைய படிப்பையோ மற்றவர்களின் படிப்பையோ தடுத்தால், திட்டம் எழுதும் குழு நேர்மறையான நடத்தை உதவிகளைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். தொடர்ந்து 10 பாடசாலை நாட்களுக்கு மேல் வெளியேற்றப் பார்த்தால், அந்த நடத்தை குறைபாட்டால் வந்ததா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். ஆம் என்றால் காரணத்தை ஆராய்ந்து நடத்தைத் திட்டம் போட வேண்டும், ஏற்கெனவே இருந்தால் திருத்த வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயம் எழுது என்று சட்டம் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கோல் பண்ணி "வந்து கூட்டிப் போங்கள்" என்பதை நாள்கணக்கில் செய்தால் இங்கே சட்டச் சிக்கல் வரும்.

வெண்கட்டி:
அண்ணே, அந்தச் சட்டத்தோடு உதவி ஆளும், நடத்தை நிபுணரும், காசும் வருகிறது. எங்களுக்குச் சட்டத்தை மட்டும் அனுப்பி வைக்கிறீர்கள்.

வாவிக்கரை:
இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. உடல் தண்டனை வேண்டாம் என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை இருக்கிறது. ஆசிரியர் அறைந்து மாணவனின் காது கெட்ட வழக்கில், சித்திரவதையும் கொடூரமாக நடத்துவதும் கூடாது என்கிற அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்று 2021இல் உயர் நீதிமன்றமே சொன்னது. ஆக, எதைச் செய்யக் கூடாது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். கதிரை பறக்கிற அந்த நிமிடத்தில் எதைச் செய்வது என்பதை அந்தப் பிள்ளையின் திட்டத்தில்தான் எழுத முடியும், சுற்றறிக்கையில் முடியாது.

படுவான்கரைத் தம்பிக்கு: கை உதறுவதைத் திட்டத்தில் போட்டால் நானும் கையெழுத்து வைக்க மாட்டேன். தனக்கோ மற்றவருக்கோ காயம் வருவது, வகுப்பை விட்டு ஓடுவது, அவ்வளவுதான் அதற்குள் வரலாம். ஒன்றை நிறுத்தினால் அதே தேவைக்கு வேறு வழி கொடுத்திருக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அதைக் கொடுக்கவே இல்லை.

நிந்தவூர் உம்மா:
மூன்று பத்தி கதையை வாசித்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். மகன் கடித்தது பெரும்பாலும் சித்திரம் முடிந்து கணிதம் தொடங்கும்போதுதான், அதுவும் பிரஷைக் கையிலிருந்து பறித்தால். இப்படி எழுதினால் என்ன? சித்திரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவருக்குச் சொல்ல வேண்டும். பிரஷை அவரே கழுவி வைக்க வேண்டும். கடித்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

வெண்கட்டி:
உங்கள் மகன் என் வகுப்பில் இருந்தால், முதல் இரண்டையும் திட்டம் இல்லாமலே நாளைக்கே செய்வேன். மூன்றாவதுக்குக் கையெழுத்து வைக்க முடியாது. கடி வாங்கின பிள்ளையின் தாயும் கேற்றடியில்தான் நிற்பார், அவருக்கு நான் என்ன காட்டுவது?

படுவான்கரைத் தம்பி:
திட்டம் இல்லாமலே செய்வீர்கள் சரி. நீங்கள் இடமாற்றம் ஆகிப் போனால் அடுத்தவருக்கு யார் சொல்வது? திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று வரியும் பெரிய ஆட்கள் யோசித்தது, மகனிடமும் படம் காட்டியாவது கேளுங்கள் அக்கா.

நிந்தவூர் உம்மா:
பிரஷ் கழுவுவது அவருக்குப் பிடித்த வேலைதான், வீட்டிலும் என்னை விடமாட்டார். கணிதம்தான் பிடிக்காதா, சத்தம்தான் பிடிக்காதா என்று கேட்டுப் பார்க்கிறேன். மூன்றாவதை மாற்றுகிறேன் சேர்: கடித்தால் அலகு டீச்சர் வந்து கூட்டிப் போவார், ஆறினதும் மகன் அதே வகுப்புக்குத் திரும்பி வருவார், இரண்டு பெற்றோருக்கும் அன்றைக்கே சொல்லப்படும். இதற்குக் கையெழுத்து வைப்பீர்களா?

வெண்கட்டி:
அலகு டீச்சர் லீவு எடுக்கும் நாளில் யார் வருவார் என்று அதிபரின் கையெழுத்தோடு ஒரு பெயரை எழுதி வாங்குங்கள். பெயர் இருந்தால் வைக்கிறேன்.