அணுமின் நிலையம் பக்கத்துல ஆடு மாடு வளக்குறவங்க, கதிர்வீச்ச எப்படி செக் பண்றது?

ராதாபுரத்தான்: கூடங்குளத்துக்கு பக்கம்தான் நம்ம ஊரு. வெள்ளாடு கொஞ்சம், ரெண்டு கறவ மாடு நிக்கி. போன வாரம் ஒரு குட்டி கால் கோணலா பொறந்துச்சு, ஊருக்குள்ள எல்லாரும் பிளான்ட்தான் காரணம்ங்காங்க. இத எப்படி உறுதி பண்றது?

கால்நடை_மணி: ஒத்த குட்டிய வச்சு சொல்ல முடியாது அண்ணாச்சி. சினையில வைரஸ், சத்துக்குறைவு, மகளுக்கே அப்பன் கெடாவ விடுறதுன்னு பல காரணம் இருக்கு. கெடா மாத்தி எத்தன வருஷமாச்சு?

அணுக்கிறுக்கன்: கண்காணிப்புல மொதல்ல பாக்குறது பாலத்தான். உலையில இருந்து கசியுற கதிரியக்கப் பொருள் அயோடின்-131 புல்லுல விழுந்தா மாடு தின்னு ரெண்டு மூணு நாள்லயே பால்ல ஏறிரும், குடிக்கிறவங்க கழுத்துல இருக்க தைராய்டு சுரப்பியில போய் சேரும், ஆனா 8 நாளுக்கு ஒருக்கா பாதியா கொறையும். 1957ல இங்கிலாந்து விண்ட்ஸ்கேல் உலையில தீப்பிடிச்சப்ப சுத்துவட்டாரத்துல சுமார் 500 சதுர கிலோமீட்டர் பால் விக்க தடை, கொட்டித்தான் தீத்தாங்க. சீசியம்-137ங்கிற இன்னொரு கதிரியக்கப் பொருள் வேற கேசு, பாதியாகவே 30 வருஷம்.

வெல்ஷ்_தமிழன்: இங்க வேல்ஸ் மலையில செர்னோபில் அணு உலை விபத்துல கெளம்புன சீசியம் மழையோட விழுந்து, ஆடு விக்க 1986ல போட்ட தடை 2012 வரைக்கும் இருந்துச்சுங்க. உசுரோட இருக்க ஆட்டு பின்னந்தொடையில டிடெக்டர அழுத்தி பாப்பாங்க, கிலோவுக்கு 1000 பெக்கரலுக்கு (கதிரியக்கத்த அளக்குற அலகு) மேலன்னா பெயின்ட் அடிச்சு விட்டுருவாங்க, கறிக்கு போகாது. கீழ சுத்தமான மேய்ச்சல்ல கொஞ்ச வாரம் விட்டா ஒடம்புல இருந்து சீசியம் வெளியேறி அளவு தானா எறங்கிரும்.

ராதாபுரத்தான்: கெடா அதே பழைய கெடாதான். பால் சாம்பிள் யார்ட்ட குடுக்க?

அணுக்கிறுக்கன்: பிளான்ட் பக்கத்துல பாபா அணு ஆராய்ச்சி மையத்தோட சுற்றுச்சூழல் ஆய்வகம் இருக்கு, சுத்து ஊர்ல பால், மீன், காய்கறி சாம்பிள் எடுக்குறது அவங்கதான். எழுதிக் கேளுங்க, ரிசல்ட்ட பேப்பர்ல வாங்குங்க.