பழைய மல்ச்சிங் ஷீட்டை யாராவது எடுப்பார்களா?

ஓசூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் தக்காளி. தை மாசம் களை வராமல் செடியடி மண்ணை மூடப் போட்டது 25 மைக்ரான் கனத்தில் மல்ச்சிங் ஷீட் என்கிற பிளாஸ்டிக் விரிப்பு, 4 அடி அகலம், மேலே வெள்ளி, கீழே கருப்பு. அறுப்பு முடிந்து இப்போது உருவினால், வெயிலில் நைந்து கையகலத் துண்டாகக் கிழிந்து வருகிறது. கோரை வேறு பொத்துக்கொண்டு ஏறியிருக்கிறது. இதுவரை 9 மூட்டை.

பழைய சாமான் கடைக்காரர் பால் கவரை வாங்குகிறார், இதைத் தொடமாட்டேன் என்கிறார். பாதி எடை மண்ணாம். இத்தனைக்கும் இரண்டும் பாலித்தீன்தான்! தொட்டியில் அலசிப் பார்த்தேன்; மடிப்புக்குள் செம்மண் அப்படியே ஒட்டிக்கிடக்கிறது. ஷீட் விற்ற கடையில் கையை விரித்துவிட்டார்கள். கொளுத்த மனசில்லை. அப்படியே உழுதால் துண்டுதுண்டாக நிலத்திலேயே கிடக்கும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி சுற்றுவட்டாரத்தில் மண்ணோடு இருக்கும் ஷீட்டை எடுத்துக் கழுவி, மறுபடி பயன்படுத்த பிளாஸ்டிக் குருணையாக்கும் ஆள் யாரையாவது தெரியுமா?