நடுவில் நிறுத்தினால் படமாகிவிடுமா?

ஒண்டிக்கடை:
ஏற்காட்டில் 14 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தேன். காப்பித் தோட்டத்தில் 30 ஆண்டு கணக்கெழுதிய ஒருவர் ஓய்வு பெறும் கடைசி நாள், அவ்வளவுதான் கதை. கதவு, சன்னல், மேசை, சில்வர் ஓக் மரங்களுக்கு ஊடே போகும் பாதை என்று எல்லாவற்றையும் இடமும் வலமும் சரிபாதியாக வரும்படி வைத்தேன். சென்ற வாரம் சேலத்தில் ஒரு திரையிடலுக்கு நடுவராக வந்தவர், “இது வெஸ் ஆண்டர்சனின் ஜெராக்ஸ்” என்று, சமச்சீர் காட்சிகளுக்குப் பேர்போன அந்த அமெரிக்க இயக்குநரின் பேரைச் சொல்லி ஒரே வரியில் முடித்துவிட்டார். அரங்கம் சிரித்தது. பரிசு கிடைக்காததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் சமச்சீராகச் சட்டகம் (ஃபிரேம்) வைத்தாலே அது நகல்தானா? படத்தின் இணைப்பைக் கீழே போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

இருபதாவது வளைவு:
படத்தை இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமலே சொல்கிறேன், நடுவர் சொன்னதில் பிழை இல்லை. நான் கல்யாண வீடியோக்களுக்குப் படத்தொகுப்புச் செய்து பிழைப்பவன். மண்டபத்து வாசலின் நட்டநடுவில் மணமக்களை நிறுத்தி டிரோனை மேலே கிளப்பும் ஷாட்டை வெட்டி வெட்டிக் கை ஓய்ந்துவிட்டது. செல்பேசித் திரையில் கட்டக்கோடு வந்த பிறகு நடுவில் நிறுத்தத் தெரியாதவர் யார்?

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் ‘தி ஷைனிங்’ (1980) என்ற திகில் படத்தில் ஒரு விடுதியின் தாழ்வாரங்களை ஒரே மறைபுள்ளியில், அதாவது கோடுகளெல்லாம் தூரத்தில் போய்ச் சேரும் புள்ளியில், குவிய வைத்தார். சிறுவன் மூன்று சக்கர வண்டியை மிதிக்கிறான், கேமரா தரையை ஒட்டி அவனைப் பின்தொடர்கிறது, முனை திரும்பினால் இரண்டு சிறுமிகள் நடுவில் நிற்கிறார்கள். அங்கே அந்த ஒழுங்கே நம் கழுத்தைப் பிடிக்கிறது. வெஸ் ஆண்டர்சன் அதே நடுக்கோட்டைப் பொம்மை வீட்டுக்குக் கொண்டுபோனார். ‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ (2014) படத்தில் காலத்துக்கு ஒரு திரை அளவு. 1930களுக்குச் சதுரத்தை நெருங்கும் 1.37க்கு 1 (முதலில் அகலம், பிறகு உயரம்). இருவருக்கும் காரணம் இருந்தது. ஏற்காட்டுக்கு ஏறுவதற்கே 20 கொண்டை ஊசி வளைவுகள். நூறு அடி நேர்ச்சாலை கிடைத்தால் அதிசயம். அந்த மலைக்கு வகிடெடுத்துத் தலை வாரிவிட உங்களுக்கு என்ன காரணம்?

ஆரி இரண்டு சி:
தம்பிகளே, நான் ஃபிலிம் காலத்து ஆள். நடுக்கோட்டை வெளிநாட்டுச் சரக்கு என்று பேசுவதால் குறுக்கிடுகிறேன். பஸ்ஸில் ஏற்காடு போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைத் தாண்டித்தானே போகிறீர்கள்? டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய சினிமா நிறுவனம். 1940இல் அவர்கள் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம்.

கணினி இல்லாத காலத்தில் இரட்டை வேடத்தை எப்படி எடுப்பார்கள்? லென்ஸின் பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்து, ஒரு பக்கம் நடிக்க வைத்துப் பதிவு செய்வார்கள். அதே ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறு பாதியை மறைத்து, உடை மாற்றி வந்தவரை மீண்டும் நடிக்க வைப்பார்கள். கேமரா மயிரிழை அசைந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இணையும் இடத்தில் ஒரு தூணோ கதவு நிலையோ வரும்படி பார்த்துக்கொள்வது வழக்கம். அங்கே நடுக்கோடு தொழில் கேட்ட ஒன்று. அழகெல்லாம் அதன் பிறகுதான்.

தொலைக்காட்சியும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டது. 2.35க்கு 1 சினிமாஸ்கோப் படத்தை 4க்கு 3 பெட்டியில் நிரப்பினால் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி வெட்டுப்படும். அதற்குப் பயந்தே முகங்களை நடுவுக்குள் வைத்த ஒளிப்பதிவாளர்கள் உண்டு. ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ (2015) வேறு கணக்கு. இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 2,700 ஷாட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் கண் தேடி அலையக் கூடாது என்று முக்கியமானதை நடுவிலேயே வைக்கச் சொன்னார் அதன் இயக்குநர் ஜார்ஜ் மில்லர்.

இருபதாவது வளைவு:
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் இரண்டை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். நடுவில் வைப்பது வேறு, சமச்சீர் வேறு. ‘ஃபியூரி ரோட்’ படத்தில் முகம் நடுவில் இருக்கும். சுற்றியுள்ள புழுதிக்கும் நெருப்புக்கும் இடமேது, வலமேது? நம் நண்பர் எடுத்தது இந்தப் பக்கம் ஒரு சன்னல், அந்தப் பக்கம் ஒரு சன்னல் என்னும் வகை.

எதிர்த்திசையில் போனவர்களையும் பாருங்கள். ‘மிஸ்டர் ரோபாட்’ தொடரில் (2015) ஆளைச் சட்டகத்தின் கீழ் மூலையில் ஒதுக்கி, பக்கத்து விளிம்பையே பார்க்க வைப்பார்கள். தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் வெற்றிடம். அவன் தனியாள் என்பதை வசனம் சொல்ல வேண்டியதில்லை. 30 ஆண்டு ஒரே நாற்காலியில் தேய்ந்த கணக்கரை எடுக்க எனக்கு அதுதான் தோன்றியிருக்கும்.

தறிக்குழி:
நான் சினிமாவில் இல்லை. சேலம் அம்மாப்பேட்டையில் ஜக்கார்டு தறிக்கு (கொக்கிகளால் நூலைத் தூக்கிப் பூ நெய்யும் தறி) டிசைன் வரைகிறேன். நீங்கள் பேசுவதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, ஏனென்றால் எங்கள் வேலையில் சமச்சீர் என்பது சிக்கனம். கட்டத்தாளில் பூவை முழுதாக வரைய மாட்டோம். பாதி வரைந்து, அது நடுவிலிருந்து திரும்பி வரும்படி நூலைக் கட்டிவிட்டால் பாதிக் கொக்கிகளே போதும்.

ஆனால் சேலையை விரித்துப் பாருங்கள். இரண்டு கரையும் ஒன்றுபோல் இருக்கும். முந்தி ஒரு முனையில்தான். இரண்டு முனையிலும் முந்தி வேண்டும் என்று யாராவது கேட்டால், எதைக் கொசுவத்தில் செருகுவீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

இன்னொன்று. இதில் யாராவது அடுத்ததாகக் கோலத்தை இழுப்பீர்கள் என்று தெரியும். சிக்குக் கோலங்களில் பல, கண்ணாடி வைத்தால் ஒத்துப்போகாதவை. கால் சுற்றுச் சுற்றினால்தான் ஒத்துப்போகும். அது வேறு வகைச் சமச்சீர். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இருபதாவது வளைவு:
பாதி வேலை போதும் என்று அந்தத் தொழிலில் இருப்பவரே சாட்சி சொல்லிவிட்டார். வழக்கு முடிந்தது.

ஆரி இரண்டு சி:
முடியவில்லை. தறியில் பாதி, சினிமாவில் இரட்டிப்பு. ஓரமாக ஆளை நிறுத்தினால் ஒரு பக்கச் சுவர் இருட்டில் கிடந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நடுவில் நிறுத்தினால் இரண்டு சுவருக்கும் விளக்கு வேண்டும், இரண்டும் ஒரே அளவில். லென்ஸ் சுவருக்குச் செங்குத்தாகப் பார்க்க வேண்டும். கேமரா சற்று அண்ணாந்தால் தூண்கள் மேலே போகப் போக உள்ளே சாயும். ஒரு விரற்கடை இடம் பெயர்ந்தாலும் மறைபுள்ளி கதவை விட்டு நழுவிவிடும். அகல லென்ஸாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு தாழ்வார ஷாட்டுக்காக டேப் பிடித்து அரை நாள் அளந்திருக்கிறேன். சோம்பேறி இந்தப் பக்கமே வர மாட்டான்.

வழிப்போக்கன்:
சமச்சீர் என்று பார்த்ததும் பாடத்திட்டச் சண்டை என்று நினைத்து உள்ளே வந்தேன். மன்னிக்கவும், தொடருங்கள்.

ஒண்டிக்கடை:
காரணம் கேட்டீர்கள் அல்லவா? அவர் கணக்கர். பேரேட்டைத் திறந்தால் ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் பற்று. நடுவில் தையல். இரண்டும் நேராகாமல் அவர் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. அவருடைய உலகத்தை அவர் பார்க்கும் விதத்தில் வைத்தேன். வெஸ் ஆண்டர்சன் படம் இரண்டு பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் எடுக்கும்போது என் மனதில் இருந்தது அந்தப் பேரேடுதான். திரையிடலில் இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த படம் போட்டுவிட்டார்கள்.

இருபதாவது வளைவு:
சரி, படம் பார்த்தேன். இரண்டு முறை.

பேரேடு நல்ல காரணம். அதைப் படத்திலேயே காட்டியிருக்கிறீர்கள், ஜெராக்ஸ் என்ற சொல்லில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். 9ஆவது நிமிடத்தில் அவர் இரண்டு சன்னல்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேனாவை மூடும் ஷாட் எனக்குப் பிடித்தது. இடது சன்னலில் வெயில், வலது சன்னலுக்குள் மூடுபனி இறங்குகிறது. நீங்கள் காத்திருந்து எடுத்தீர்களா, மலை இனாமாகக் கொடுத்ததா தெரியாது. அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு பக்கமும் நேராகாமல் போகிறது.

ஆனால் கடைசி ஷாட்டை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கணக்கு முடிந்தது, பேரேட்டை மூடியாயிற்று, சாவியைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் சில்வர் ஓக் பாதையில் ஏன் நூல் பிடித்தாற்போல் நடுவில் நடந்து போகிறார்? அது அவர் பார்க்கும் உலகமா, உங்கள் பழக்கமா? உங்கள் காரணத்தை வைத்தே கேட்கிறேன்.

தறிக்குழி:
நானும் பார்த்தேன். முந்தி வர வேண்டிய இடத்தில் இன்னொரு கரை போட்டிருக்கிறீர்கள், தம்பி.

ஆரி இரண்டு சி:
இதில் நான் தம்பியின் பக்கம். 30 ஆண்டுப் பழக்கம் ஒரே மாலையில் காலை விட்டுப் போகாது. அவர் நடுவில் நடப்பது எனக்கு உறுத்தவில்லை. எனக்கு உறுத்தியது 3ஆவது நிமிடம். அலுவலகக் கதவு நிலை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மானிட்டர் கோட்டை நம்பாமல், ஒரு கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிக் கேமரா மேல் வைத்துப் பாருங்கள்.

ஒண்டிக்கடை:
சாய்ந்தது கதவுதான், ஐயா. பழைய கட்டடம். ஆனாலும் ரசமட்டம் வாங்கிக்கொள்கிறேன்.

கடைசி ஷாட்டுக்கு மூன்று டேக் எடுத்தோம். முதல் டேக்கில் அவர் நடந்துகொண்டிருக்கும்போது எதிரே தோட்டத்து ஜீப் வந்துவிட்டது. அவர் பாதையை விட்டு இடப்பக்கம் ஒதுங்கி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜீப் போனது. அவர் மீண்டும் நடுவுக்கு வரவில்லை, ஓரமாகவே நடந்து போனார். நான்தான் கட் என்று கத்தினேன். இன்றிரவு வன்தட்டைத் தேடிப் பார்க்கிறேன். அழிக்கவில்லை என்று நினைக்கிறேன்.