ஆக்சிலரேட்டர் சிக்கினால் பிரேக் வண்டியை நிறுத்துமா? அவசரம்

ஆத்தூர்க்காரன்:
நேற்று சாயங்காலம் பைபாஸில் லாரியை முந்தினேன். காலை எடுத்த பிறகும் வண்டி சீறிக்கொண்டே போனது. பிரேக்கை விட்டு விட்டு மிதித்தேன். முதலில் கொஞ்சம் அடங்கியது, அப்புறம் பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது. சாவியைத் திருப்பி அணைத்துத்தான் நிறுத்தினேன். பிரேக்கை விட இன்ஜினுக்கு பலம் அதிகமா? பின் சீட்டில் அம்மா இருந்தார்கள். கை இன்னும் நடுங்குகிறது.

குமார்_கியர்:
பெட்ரோலா, டீசலா? ஆட்டோமேட்டிக்கா? எத்தனை வருட வண்டி?

டீசல்பிரியன்:
டர்போவில் ஆயிலைத் தடுக்கும் சீல் போயிருக்கும். டீசல் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓட ஆரம்பித்துவிடும்.

குமார்_கியர்:
அப்படி ஓடினால் சாவியை அணைத்தாலும் நிற்காதே அண்ணா. இவருக்கு நின்றிருக்கிறது.

கணக்குவாத்தியார்:
பள்ளிக்கூடக் கணக்கு இது. கேட்பதற்கு முன் போட்டுப் பார்த்திருக்கலாம். சாதாரண கார் 100 கி.மீ. வேகத்தை எட்ட 12 விநாடி ஆகும். அதே வேகத்திலிருந்து நிற்க 3 விநாடி போதும். 1,200 கிலோ வண்டியை அப்படி நிறுத்தும்போது பிரேக் செய்யும் வேலை 200 குதிரைத்திறனுக்கு மேல். உங்கள் இன்ஜின் 80 இருக்குமா? 2009-ல் 'கார் அண்ட் டிரைவர்' இதழ் 268 குதிரைத்திறன் டொயோட்டா கேம்ரி காரைச் சோதித்தது. ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்திருந்தும் 112 கி.மீ. வேகத்திலிருந்து சுமார் 58 மீட்டரில் நின்றது. மூடியிருந்தபோது 53. பயத்தில் நீங்கள் சரியாக மிதிக்கவில்லை.

பட்டறை_செல்வம்:
சார், அவர் மேல் தப்பில்லை. பெட்ரோல் வண்டியில், நம் மிதியின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் இன்ஜினிலிருந்துதான் வருகிறது. இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் முழுக்கத் திறந்துவிட்டால் அது வராது. பூஸ்டரில் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் காணும். தம்பி, வீட்டிலேயே பாருங்கள்: இன்ஜினை அணைத்துவிட்டு நாலு முறை மிதியுங்கள், பெடல் இறுகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் காலுக்கடியில் மெல்ல இறங்கும். நேற்று இறுகியது அதனால்தான். இனி இப்படி ஆனால் ஒரே மிதி, முழு பலத்தோடு, விடாமல். கூடவே நியூட்ரல். ஓடும்போது சாவியை எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். காலடியில் விரித்த மிதியடி பெடலில் சிக்கியிருக்கிறதா, பார்த்தீர்களா?

மலைப்பாதை:
நியூட்ரலா? கொல்லிமலை 70 வளைவையும் நியூட்ரலில் இறங்கி பிரேக் காய்ந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டீசல்பிரியன்:
நான் எப்போதும் நியூட்ரலில்தான் இறங்குவேன். எண்ணெய் மிச்சம்.

மலைப்பாதை:
மிச்சமே இல்லை. கியரில் இறங்கினால் இப்போதைய இன்ஜின்களில் எரிபொருள் அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் சும்மா ஓடக் குடிக்கும்.

பட்டறை_செல்வம்:
மலை இறக்கத்துக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. நான் சொன்னது பெடல் சிக்கிய நேரத்துக்கு மட்டும்.

குமார்_கியர்:
அவர் எங்கே போனார்? பெட்ரோலா என்று இன்னும் சொல்லவில்லை.

ஆத்தூர்க்காரன்:
பெட்ரோல், மேனுவல். மிதியடி மேல் இன்னொரு ரப்பர் மிதியடி போட்டிருந்தேன். அதன் ஓரம் பெடலுக்கு மேல் ஏறிக் கிடந்தது. எடுத்துவிட்டேன். செல்வம் அண்ணா சொன்ன நாலு மிதியும் பார்த்தேன், மூன்றாவதிலேயே இறுகியது. நன்றி அண்ணா.

பட்டறை_செல்வம்:
அடியில் இருப்பதையும் கொக்கியில் மாட்டுங்கள் தம்பி. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் பிரேக் பேடையும் பார்த்துவிடுங்கள், நேற்று நன்றாகச் சூடாகியிருக்கும்.