டிஸ்க் பிரேக் ஆயில் மாத்தினதுக்கு அப்புறம் லீவர் கிரிப் வரைக்கும் வருது, ஏர் எங்க நிக்குது?

பல்சர்_திருச்சி:
வணக்கம். பல்சர் 150, 2016 மாடல், ஏபிஎஸ் (பிரேக் புடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கறது) கிடையாது. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். முன் பிரேக்குக்கு புது ஹோஸ் மாட்டி, பழைய ஆயிலை முழுசா வடிச்சுட்டு புது டாட் 4 பிரேக் ஆயில் ஊத்தியிருக்கு. இப்ப லீவரைப் புடிச்சா கிரிப்பைத் தொடுது. வேகமா நாலஞ்சு தடவை அடிச்சா கெட்டியாகுது, கொஞ்ச நேரம் விட்டுட்டுப் புடிச்சா மறுபடி தொளதொளன்னு ஆயிடுது. காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வற பாகம்) மேல இருக்கற நிப்பிள்ல, அதாவது ஆயிலையும் காத்தையும் வெளிய விடற சின்ன முனையில, டியூப் மாட்டி ஏர் எடுத்தாச்சு. டியூப்ல குமிழியே இல்ல, சுத்தமான ஆயில்தான் வருது. கசிவும் எங்கயும் இல்ல. அப்ப ஏர் எங்க மாட்டியிருக்கு?

ஸ்பேனர்_கோவை:
அடிக்க அடிக்க கெட்டியாகி, விட்டா இளகுதுன்னா ஏர்தான், சந்தேகமே வேண்டாம். ஆனா அது காலிப்பர்ல இல்ல, மேல இருக்கு. காலியான ஹோஸ்ல ஆயில் இறங்கும்போது காத்து மேல ஏறி, மாஸ்டர் சிலிண்டர்ல (லீவர் பக்கத்துல, ஆயில் டப்பாவோட இருக்கற பம்ப்) ஹோஸ் சேர்ற பாஞ்சோ போல்ட் கிட்ட தங்கிடும். ஹேண்டில்பார் கிரிப் பக்கம் சரிஞ்சு இருக்கறதால அந்த பாஞ்சோதான் முழு லைன்லயே உயரமான இடம். ஒரு தடவை லீவரை அழுத்தினா ஒண்ணு ரெண்டு மில்லி ஆயில்தான் கீழ நகரும். நீங்க அடுத்த தடவை அழுத்தறதுக்குள்ள குமிழி பழையபடி மேல வந்து உக்காந்துடும். கீழ எத்தனை நேரம் ஏர் எடுத்தாலும் சுத்த ஆயில் வர்றது இதனாலதான்.

அதனால மேல இருந்து ஆரம்பிங்க. வண்டியை சைடு ஸ்டாண்ட்ல போட்டு ஹேண்டில்பாரை முழுசா இடது பக்கம் ஒடிச்சு வையுங்க. இப்படி வச்சா மாஸ்டர் சிலிண்டரோட கிரிப் பக்கம் தூக்கும், பாஞ்சோ பக்கம் தாழும். அங்க இருக்கற காத்து ஆயில் டப்பா பக்கம் நகர வழி கிடைக்கும். டேங்க் மேல ஈரத்துணி போட்டுடுங்க. பிரேக் ஆயில் பெயின்ட்டை உரிச்சுடும், சிந்தினா துடைக்காம உடனே தண்ணி ஊத்திக் கழுவணும்.

டப்பா மூடியைத் திறந்து பாத்தா அடியில ரெண்டு ஓட்டை தெரியும், ஒண்ணு பெருசு, இன்னொண்ணு ஊசி முனை அளவு. காத்து வெளிய வர்றது அந்த சின்ன ஓட்டை வழியாதான். லீவரை முழுசா அழுத்தினா உள்ள இருக்கற ரப்பர் கப் அந்த ஓட்டையைத் தாண்டிப் போய் அடைச்சுடும், அப்புறம் காத்துக்கு வழியே இல்ல. அதனால லீவரோட நுனியை ஒரு சென்டிமீட்டருக்குள்ள மட்டும் லேசா தட்டித் தட்டி விடுங்க. கடுகு சைஸ்ல குமிழி ஒவ்வொண்ணா வரும். நின்னுடுச்சுன்னு தோணும்போது ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால பாஞ்சோவையும் ஹோஸையும் கீழ இருந்து மேல தட்டிக்கிட்டே வாங்க, மறுபடி கிளம்பும். மூடி திறந்திருக்கும்போது லீவரை வேகமா இழுத்து விடக்கூடாது, அந்த ஓட்டையிலேருந்து ஆயில் மூஞ்சிக்கு பீச்சியடிக்கும். மூடியை சும்மா மேல வச்சுக்கிட்டே செய்யுங்க, கண்ணாடி போட்டுக்கிட்டா இன்னும் நல்லது.

அப்படியும் அடங்கலைன்னா பாஞ்சோவுலயே ஏர் எடுக்கணும். துணி சுத்திக்கிட்டு, லீவரை அழுத்திப் புடிச்சபடி போல்ட்டை கால் சுத்துக்கும் கம்மியா இளக்குங்க. நுரையா ஆயில் வரும். லீவர் கிரிப்பைத் தொடறதுக்கு முன்னாடியே இறுக்கிட்டு அப்புறம்தான் விடணும். ரெண்டு மூணு தடவை போதும். பாஞ்சோவுக்கு ரெண்டு பக்கமும் வாஷர் உண்டு. நசுங்கின பழைய வாஷரைப் போட்டா கசியும், புதுசு போடுங்க.

கடைசியாதான் காலிப்பர். 8 எம்எம் ரிங் ஸ்பேனரை முதல்ல நிப்பிள்ல மாட்டிட்டு அதுக்கு மேல டியூப் மாட்டணும். ஓப்பன் ஸ்பேனர் போட்டா நிப்பிளோட மூலை மழுங்கிடும். டியூப் நிப்பிள்லேருந்து மேல போய் வளைஞ்சு கீழ இறங்கட்டும், நுனி ஆயில்ல முங்கியிருக்கணும். மெதுவா மூணு தடவை அழுத்தி, நாலாவதுல அழுத்தியே புடிச்சு, கால் சுத்து திறந்து, லீவர் அடியில போனதும் மூடிட்டு, அப்புறம் லீவரை விடணும். இந்த வரிசை மாறினா வெளிய போன காத்து திரும்ப உள்ள வரும். நாலஞ்சு தடவைக்கு ஒருமுறை டப்பாவைப் பாத்து ஊத்துங்க, லோயர் கோட்டுக்குக் கீழ போகவே விடாதீங்க.

டூல்பாக்ஸ்:
மேல உள்ளதோட சேர்த்துச் சொல்றேன். முழுசா காலியான லைன்னா கீழ இருந்து மேல தள்றதுதான் எனக்கு சரின்னு படும், காத்து போற திசையும் அதுதான். 50 மில்லி சிரிஞ்ச்ல புது ஆயில் எடுத்து, டியூப்ல ஒரு பொட்டு காத்து இல்லாம நிரப்பி நிப்பிள்ல மாட்டி, அரை சுத்து திறந்து மெதுவா தள்ளுங்க. டப்பா நிரம்பி வழியும், மேல இன்னொரு சிரிஞ்ச்சால உறிஞ்சிக்கிட்டே இருக்கணும். சிரிஞ்ச் ரப்பர் பிரேக் ஆயில்ல உப்பி இறுகிடும், ஒவ்வொரு தடவையும் புதுசு வாங்குங்க. லைன்ல பழைய ஆயில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீங்க. காலிப்பர் அடியில இருக்கற கசடு மேல ஏறி அந்த ஊசி ஓட்டையை அடைச்சுட்டா, லீவரை விட்ட பிறகும் பிரேக் புடிச்சுக்கிட்டே நிக்கும்.

அதே சிரிஞ்ச்சை வச்சு கீழ இருந்து உறிஞ்சினா குமிழி நிக்கவே நிக்காது. நிப்பிளோட மரை வழியா வெளிக்காத்து வரும், பாக்கறவங்க லைன்ல இன்னும் ஏர் இருக்குன்னு நினைச்சு ஆயிலைத் தீத்துடுவாங்க.

லீவர் இளகுறது எல்லாமே ஏர் கிடையாது. ஒரே அழுத்தமா புடிச்சுக்கிட்டிருக்கும்போது லீவர் மெல்ல மெல்ல உள்ள போகுதா? அது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் கப் தேய்ஞ்சது, இல்ல எங்கயோ கசிவு. கெட்டியாத்தான் இருக்கு, ஆனா முதல் தடவை மட்டும் ரொம்ப தூரம் போகுதா? டிஸ்க் வளைஞ்சோ, காலிப்பர் பின் இறுகியோ பேடை (டிஸ்க்கை உரசற கட்டை) பின்னாடி தள்ளுது. உங்க கேஸ் இது ரெண்டும் இல்ல.

ரெண்டு_டிஸ்க்:
இடையில ஒரு கேள்வி. ஏபிஎஸ் வண்டிக்கும் இதே முறையா? பின் காலிப்பர்ல நிப்பிள் பக்கவாட்டுல இருக்கு.

ஸ்பேனர்_கோவை:
டப்பா காலியாகாம, மேல புதுசு ஊத்த ஊத்த கீழ பழசை எடுத்தீங்கன்னா ஏபிஎஸ் வண்டிக்கும் இதேதான். ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள காத்து போயிட்டாதான் தலைவலி. உள்ள இருக்கற வால்வு சாதாரணமா மூடியே இருக்கும், லீவரை அடிச்சு அந்த இடத்துக் காத்தை எடுக்க முடியாது. சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டு வால்வையும் பம்ப்பையும் ஓட விட்டு எடுக்கணும்.

பின் காலிப்பருக்கு, நிப்பிள் உச்சியில இல்லைன்னா காலிப்பரைக் கழட்டி நிப்பிள் மேல பாக்கற மாதிரி புடிச்சு எடுங்க. பேடுக்கு நடுவுல டிஸ்க் தடிமனுக்கு ஒரு மரத்துண்டு கண்டிப்பா வைக்கணும், இல்லைன்னா பெடலை மிதிச்சதும் பேடைத் தள்ற பிஸ்டன் வெளிய வந்துடும். பின் ஆயில் டப்பா சின்னது, சீக்கிரம் காலியாகும்.

பல்சர்_திருச்சி:
பாஞ்சோவுலதான் இருந்தது. சின்ன ஓட்டை வழியா நிறைய வந்துச்சு, போல்ட்டை இளக்கினதும் மீதி நுரையா வந்துடுச்சு. லீவர் இப்ப பாதி தூரத்துலயே நிக்குது. கொஞ்சூண்டு இளக்கம் மட்டும் மிச்சம். 250 மில்லி பாட்டில்ல பாதி இருக்கு, அதை வச்சுக்கலாமா?

டூல்பாக்ஸ்:
அந்த மிச்சத்துக்கு, டப்பாவை மூடிட்டு லீவரை மிதமா இழுத்து கிரிப்போட ராத்திரி முழுக்க கட்டி வையுங்க. ஹோஸ் சுவர்ல ஒட்டியிருக்கற பொடிக் குமிழி மெல்ல மேல ஏறும், காலையில அவிழ்த்ததும் டப்பாவுக்குள்ள போயிடும். அப்புறம் மறுபடி நுனியில தட்டி விடுங்க.

பாட்டிலை வச்சுக்காதீங்க. டாட் 4 காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். புதுசுல குறைஞ்சது 230 டிகிரியில கொதிக்க வேண்டியது, 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா 155 டிகிரி வரைக்கும் இறங்கிடலாம். மலை இறக்கத்துல பிரேக் சூடாகும்போது ஆவியாகி லீவர் இதே மாதிரி தொளதொளக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புது பாட்டில் வாங்கி மாத்துங்க. மூடியில டாட் 4ன்னு போட்டிருந்தா டாட் 5.1 ஊத்தலாம், ஆனா டாட் 5 வேற, அது சிலிக்கான், கலக்கவே கூடாது.

ரோட்டுல எடுக்கறதுக்கு முன்னாடி லீவரை முழு பலத்தோட ஒரு நிமிஷம் புடிச்சு, ஹோஸோட ரெண்டு முனையில இருக்கற பாஞ்சோவுலயும் நிப்பிள்லயும் வெள்ளை டிஷ்யூ ஒத்திப் பாருங்க. ஈரம் தெரியலைன்னா நிப்பிள் ரப்பர் மூடியைப் போட்டுட்டு, தெருவுக்குள்ளயே மெதுவா ஓட்டி பிரேக் புடிச்சுப் பாருங்க.