மின்சார டாக்சிக்கு வாடகை எப்படிப் போடுகிறீர்கள்?

சில டாக்சிகளை நாள் வாடகைக்கு விடுகிறேன். எரிபொருள் டிரைவர் பொறுப்பு, கடன் தவணை என் பொறுப்பு. மின்சார வண்டிக்கு மாறினால் எரிபொருளில் மிச்சமாவது அவருக்கு, கூடுதல் தவணை எனக்கு. வாடகையைக் கூட்டினால், சார்ஜருக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு யார் காசு தருவது என்கிறார்கள். நியாயம்தான்.

வசூலில் பங்கு என்று மாற்றிப் பார்த்தேன், மின்கட்டணத்தில் தகராறு. இரவு சார்ஜ் இரண்டு ஷிப்ட் வண்டிக்குச் சரிவரவில்லை. கடன் கேட்டால் மறுவிற்பனை மதிப்பு தெரியாது என்று முன்பணத்தை ஏற்றுகிறார்கள். பேட்டரி உத்தரவாதமோ பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.; தினம் 200 கி.மீ. ஓடினால் 3 வருடத்துக்குள் முடிந்துவிடும்.

மின்சார டாக்சி விடுபவர்கள் சொல்லுங்கள்: சார்ஜ் செலவையும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, டிரைவர் ஒப்புக்கொள்ளும்படி வாடகையை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?