"சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா": கம்பெனி டைரக்டர் ஆன அனுபவங்கள்

முள்ளோடை:

2012ல் என் மச்சான் கடலூர் முதுநகரில் இறால் ஏற்றுமதி செய்யப் போவதாகச் சொல்லி ஒரு பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்தான். அதற்குக் குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டுமாம். "சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா" என்றான். பெண் கொடுத்த வீட்டில் முடியாது என்று சொல்ல வாய் வருமா? போட்டேன்.

இரண்டு லோடு போனது, மூன்றாவது போகவில்லை. அப்புறம் ஷட்டரை மூடினோம், கம்பெனியை யாரும் மூடவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதே எங்களுக்குத் தெரியாது.

2015ல் நான் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி யூனிட் போட்டு, சொந்தமாக ஒரு கம்பெனி பதிவு செய்தேன். கடலூரிலிருந்து வரும்போது மாநில எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், பாட்டில் விலை மாறும், ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33லிருந்து 34 ஆகும். ஒவ்வொரு டைரக்டருக்கும் கொடுக்கிற டின் (DIN) என்ற எண் மட்டும் மாறாது, கூடவே வரும்.

2017 கடைசியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) புதுப்பிக்க வங்கிக்குப் போனபோது மேனேஜர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். நீளமான ஒரு பட்டியல், அதில் என் பெயர். "உங்க டின் நம்பர் செல்லாதுன்னு வருது சார்." அந்த ஆண்டு நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து அடித்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்களைத் தகுதிநீக்கம் செய்திருந்தார்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 164(2) பிரிவுப்படி, ஒரு கம்பெனி தொடர்ந்து மூன்று ஆண்டு கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் அதன் டைரக்டர்கள் ஐந்து ஆண்டுக்கு வேறு எங்கும் டைரக்டராக இருக்க முடியாது. செத்துப்போன இறால் கம்பெனி, ஓடிக்கொண்டிருந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியின் கழுத்தைப் பிடித்தது.

முன்கூட்டி ஒரு நோட்டீஸ் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நிறைய பேர் மனுப் போட்டார்கள், நானும் போட்டேன். 2018 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அந்தப் பிரிவு அமலுக்கு வந்ததே 2014 ஏப்ரல் 1ல்தான், அதனால் 2014-15லிருந்துதான் எண்ண வேண்டும், 2013-14ஐச் சேர்த்து எண்ணியது தவறு என்றார்கள். ஒரே ஒரு வருடக் கணக்கில் தப்பித்தேன். அதற்குள் ஒரு பெரிய ஆர்டர் கைவிட்டுப் போயிருந்தது, அது வேறு விஷயம்.

அடுத்து 2019ல் ஒரு கூத்து. பதிவு அலுவலகத்தைப் படம் எடுத்து அனுப்பு என்று புதுப் படிவம். கட்டடத்தின் வெளிப்பக்கம் தெரிய வேண்டும், உள்ளே டைரக்டர் இருப்பதும் தெரிய வேண்டும், அட்சரேகை தீர்க்கரேகை வேறு. எங்கள் போர்டு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. உள்ளூர் மொழியிலும் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்று 12வது பிரிவு சொல்கிறது என்றார் கம்பெனி செக்ரட்டரி. உடனே பெயின்டரைப் பிடித்தேன். கத்திரி வெயிலில் அவர் எழுதி முடித்தபோது முதல் வரியில் இடம் போதவில்லை. "பிரைவேட் லிமி" மேலே நின்றது, "டெட்" தனியாகக் கீழே. அதன் முன்னால்தான் நின்று போட்டோ எடுத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்!

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

லெட்ஜர்:

நெல்லித்தோப்பில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் 14 வருடமாக இருக்கிறேன். 2017 நடவடிக்கையை எல்லோரும் திட்டுகிறார்கள், நான் திட்டமாட்டேன். பத்துக்குப் பத்து அறை ஒன்றில் பதினொரு கம்பெனிக்குப் பதிவு அலுவலகம் இருந்ததை நேரில் பார்த்தவன் நான். தபால்காரருக்குக் கூட அங்கே யாரையும் தெரியாது. அவற்றை அடித்தது சரி. அடித்த கையோடு உங்களையும் சேர்த்து அடித்ததுதான் தப்பு.

எனக்குக் கோபம் வருவது தாமதக் கட்டணத்தில். 2018 ஜூலையிலிருந்து ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய், உச்சவரம்பே கிடையாது. கணக்குக்கு ஒரு படிவம், ஆண்டறிக்கைக்கு ஒரு படிவம். 400 நாள் தாமதமானால் 80,000 ரூபாய். முறுக்கு, அதிரசம் போட்டு விற்க கம்பெனி ஆரம்பித்த ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அக்கா என் கால்குலேட்டரை வாங்கி, தானே ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பூஜ்ஜியம் கூட விழுந்திருக்கா தம்பி?" என்று கேட்டார். இல்லை. அவர்கள் மொத்த விற்பனையே அந்த அளவு இருந்திருக்காது.

முந்திரிக்கொட்டை:

நான் டைரக்டர் எல்லாம் இல்லை, புரொப்ரைட்டர்தான். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்துப் பருப்பு அனுப்புகிறோம். என் கதை 2024 மார்ச்.

வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்ததே, எங்களுக்காகத்தான். குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கினால் 15 நாளில், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் காசு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பணம் கொடுக்கிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். எங்கள் தொழிலில் 90 நாள் கடன் என்பது எழுதாத சட்டம். ஆகா, விடிவு வந்தது என்று இருந்தோம். மார்ச் முதல் வாரமே பெரிய பார்ட்டி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, சிறுதொழில்னு பதிவு பண்ணின அந்த உதயம் சர்டிபிகேட்டைக் கேன்சல் பண்ணிடுங்க. இல்லேன்னா எங்க ஆடிட்டர் உங்ககிட்ட வாங்க விடமாட்டேங்கறார்."

குறு, சிறு தொழில்களுக்கான 2006 சட்டத்திலேயே தாமதமான பணத்துக்கு வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. புகார் கொடுத்தால் வட்டி வரும், அடுத்த ஆர்டர் வராது. நான் கேன்சல் பண்ணவில்லை. ஜூன் வரை பாதி லோடுதான் போனது.

உப்பனாறு:

ஒரு வேடிக்கையை யாரும் சொல்லவில்லையே. 2017ல் டம்மிக் கம்பெனிகளை ஒழிக்கிறோம் என்று முள்ளோடைக்காரரைப் பிடித்தார்கள் அல்லவா, அதே 2017 நிதிச் சட்டத்தில்தான் கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதற்கு இருந்த உச்சவரம்பை எடுத்தார்கள். அதுவரை மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் ஏழரை சதவீதம். எடுத்த பிறகு நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடுக்கலாம், எந்தக் கட்சிக்கு என்றும் சொல்ல வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 15ல் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத்தோடு சேர்த்து அந்தத் திருத்தத்தையும் ரத்து செய்தது. முறுக்குக் கம்பெனிக்கு நாளைக்கு 100 ரூபாய் மீட்டர் ஓடுகிற ஊரில் ஏழு வருடம் அது இருந்தது.

லெட்ஜர்:

உப்பனாறு, அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். முள்ளோடை சார், கடலூர்க் கம்பெனி என்ன ஆச்சு?

முள்ளோடை:

அதன் போர்டு மாமியார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக இருக்கிறது, நல்ல கனமான தகரம். மச்சான் போன வாரம் வந்தான். இந்த முறை ஒன் பர்சன் கம்பெனியாம், டைரக்டர் அவன் ஒருவன்தான். "நாமினியா மட்டும் உங்க பேரைப் போடறேன் மாமா, ஒரே ஒரு கையெழுத்து." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் என் மனைவி என் ஆதாரை எடுத்துப் போய் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டாள்.